எத்தியோப்பியா: வளர்ச்சி நிஜம், டாலர்தான் இல்லை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். எத்தியோப்பியா 2004-லிருந்து பத்து வருஷத்துக்கு மேலாக ஆண்டுக்குப் பத்து சதவீதம் வளர்ந்தது என்றார்கள். அதே நாடு 2023 டிசம்பரில் வெறும் 3.3 கோடி டாலர் வட்டியைக் கட்டாமல் தவணை தவறியது. அப்படியானால் அந்த வளர்ச்சிக் கணக்கே கட்டுக்கதையா? 2024 ஜூலையில் பிர் நாணயத்தின் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டார்களே, அது சரியா?

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். 2012 முதல் 2016 வரை தெற்கு எத்தியோப்பியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன். 1991-ல் அந்த நாட்டில் இருந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள். 2015 வாக்கில் முப்பதைத் தாண்டிவிட்டன. இவ்வளவு வேகத்தில் கட்டிடம் எழுப்பலாம், வாத்தியாரை எழுப்ப முடியாது. அதனால் இந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அம்ஹாரிக்குக்குச் சமமாகத் தெலுங்கும் தமிழும் கேட்கும். ஆக, நீங்கள் சந்தேகப்படுகிற அந்த வளர்ச்சியில் சோறு தின்றவன் நான். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கணக்கு பொய் இல்லை. ஊதல் இருந்தது. அரசு 11 சதவீதம் என்று அறிவித்த சில ஆண்டுகளில் ஐ.எம்.எஃப். 7, 8 என்றுதான் மதிப்பிட்டது. ஆனால் ஏழு சதவீதமே பத்து வருஷம் தொடர்ந்தால் பொருளாதாரம் இரண்டு மடங்காகிவிடும். கணக்கை நம்பாதவர்களுக்கு வேறு சாட்சிகளும் உண்டு. 1997-ல் நாட்டில் இருந்த சாலை 26,000 கிலோமீட்டர் சொச்சம். 2015-ல் கிராமப் பாதைகளையும் சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. 1990-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறு பேர் ஐந்து வயதைக் காணவில்லை. 2012-ல் அது எழுபதுக்குக் கீழே. அரசின் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2000-ல் 44 சதவீதம், 2016-ல் 23.5 சதவீதம்.

என்னைக் கேட்டால் பெரிய சாட்சி 2015-ன் வறட்சிதான். எல் நினோ வந்து மழை பொய்த்தது. பல பத்தாண்டுகளில் பார்க்காத வறட்சி. ஒரு கோடிப் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. 1984-ல் இதைப் போன்ற ஒரு வறட்சியில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். உலகமே எலும்பும் தோலுமான அந்தப் படங்களை வைத்துத்தான் எத்தியோப்பியாவை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. (அந்தப் பஞ்சத்தில் டெர்க் ராணுவ ஆட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் மழையைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது வேறு விஷயம்.) 2015-ல் அப்படி நடக்கவில்லை. சாலை இருந்தது, லாரி போனது. 2005-ல் தொடங்கிய வேலைக்கு-உணவு/பணம் தரும் பாதுகாப்புத் திட்டத்தில் எழுபது எண்பது லட்சம் பேர் பெயர் ஏற்கனவே பதிவாகியிருந்தது. அரசு தன் கையிலிருந்தே பெரும் தொகை போட்டது. போலிக் கணக்கை வைத்து யாரும் பசியாற முடியாது.

சரி, இந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது? 1991-ல் டெர்க்கைத் துரத்திவிட்டுத் தலைநகர் அடிஸ் அபாபாவைப் பிடித்த கூட்டணியின் தலைவர் மெலஸ் செனாவி. 1995-லிருந்து 2012-ல் இறக்கும்வரை பிரதமர். புத்தகம் படிக்கிற கொரில்லாத் தலைவர். தென்கொரியாவும் தைவானும் ஏறிய வழியை உன்னிப்பாகப் பார்த்தவர். சந்தையிடம் விட்டால் வணிகன் வாங்கி விற்றே காலத்தை ஓட்டிவிடுவான், ஆலை கட்ட மாட்டான், ஆகவே பணம் எங்கே போக வேண்டும் என்று அரசுதான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அம்ஹாரிக்கில் இதற்கு ‘லிமாதாவி மெங்கிஸ்த்’ என்று பெயர்: வளர்ச்சி அரசு. என் மாணவர்கள் பரீட்சையில் எந்தக் கேள்விக்கும் இந்தச் சொல்லை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்கள்.

முதல் பாதி வேளாண்மை. மக்களில் ஐந்தில் நான்கு பேர் உழவர்கள் என்பதால் அங்கேதான் தொடங்கினார்கள். கெபெலே என்பது அங்கே அடிமட்ட நிர்வாக அலகு, நம் ஊராட்சி மாதிரி. ஒவ்வொரு கிராமக் கெபெலேக்கும் பயிருக்கு ஒருவர், கால்நடைக்கு ஒருவர், மண்-நீருக்கு ஒருவர் என்று மூன்று விரிவாக்கப் பணியாளர்கள். ஆப்பிரிக்காவில் இந்த அடர்த்தியில் வேறெங்கும் இல்லை. 2003-லிருந்து சுகாதாரத்துக்கும் அதே முறை: பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி கொடுத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சம்பளத்தில் வைத்தார்கள். குழந்தை இறப்பு குறைந்ததில் அவர்கள் பங்கு பெரிது. இந்த அடர்த்திக்கு இன்னொரு முகமும் உண்டு. உரம் கொடுக்கிறவரே கட்சிக்கும் ஆள். ஓட்டு யாருக்கு என்று அவருக்குத் தெரியும். 2010 தேர்தலில் ஆளும் கூட்டணிக்கும் அதன் தோழமைக் கட்சிகளுக்கும் கிடைக்காமல் போனவை இரண்டே இடங்கள். 2015-ல் அதுவும் இல்லை, நூற்றுக்கு நூறு.

இரண்டாம் பாதிதான் உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. 2010-ல் முதல் ‘வளர்ச்சி-மாற்றத் திட்டம்’ வந்தது. அணை, ரயில், சர்க்கரை ஆலை, அடுக்குமாடி வீடு, மின்கம்பி எல்லாம் ஒரே சமயத்தில். அரசு முதலீட்டு விகிதத்தில் அந்தச் சில ஆண்டுகள் உலகிலேயே முதல் சில இடங்களில் இருந்த நாடு அது. வரி வருமானமோ மொத்த உற்பத்தியில் 12, 13 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. பின்னால் 7-க்கே இறங்கியது. அப்படியென்றால் பணம்?

பணத்தை வங்கியிலிருந்து எடுத்தார்கள். எடுத்த முறை சாமர்த்தியமானது. வெளிநாட்டு வங்கிக்கு நாட்டில் இடமே கிடையாது. எல்லாவற்றிலும் பெரியது அரசின் எத்தியோப்பிய வணிக வங்கி. தனியார் வங்கிகளுக்கு 2011 ஏப்ரலில் ஓர் உத்தரவு போனது: நீ நூறு பிர் கடன் கொடுத்தால், அதோடு 27 பிருக்கு மத்திய வங்கியின் பத்திரம் வாங்க வேண்டும். அந்தப் பத்திரத்துக்கு வட்டி 3 சதவீதம். வங்கி தன் வைப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச வட்டியே 5. ஒவ்வொரு பத்திரத்திலும் நஷ்டம் உறுதி. அந்தப் பணம் வளர்ச்சி வங்கி வழியாக அரசு விரும்பிய தொழில்களுக்குப் போனது. இந்த விதி 2019 நவம்பர்வரை இருந்தது.

வங்கிக்கே இந்தக் கதி என்றால் சேமித்தவனுக்கு? 2011-ல் பணவீக்கம் 33 சதவீதம். நூறு பிர் போட்டவன் ஆண்டு முடிவில் 105 பிர் எடுத்தான். போன வருஷம் நூறு பிருக்குக் கிடைத்த சாமானுக்கு இப்போது 133 வேண்டும். பழைய விலைக் கணக்கில் இருபது பிர்ச் சொச்சம் காணாமல் போயிற்று. அதுதான் அணைக்கும் சாலைக்கும் போன வரி, வரி என்று பெயர் இல்லாத வரி. அப்படியும் ஜனம் ஏன் வங்கியில் போட்டார்கள் என்று கேட்பீர்கள். அடுக்குமாடி வீட்டுக் குலுக்கல் என்று ஒன்று இருந்தது. அரசு வங்கியில் மாதாமாதம் ஒரு தொகை சேமித்தால்தான் பெயரைப் பதிய முடியும். வீட்டு விலையில் 20 சதவீதம் உன் சேமிப்பு, 80 சதவீதம் வங்கிக் கடன். அடிஸ் அபாபாவில் மட்டும் லட்சக்கணக்கில் பதிந்தார்கள். என்னோடு வேலை பார்த்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் குலுக்கல் நாளில் பாடமே எடுக்க மாட்டார். வானொலியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெரிய மறுமலர்ச்சி அணைக்கும் இதே வழி. நீல நைலை மறிக்கிற அணை என்பதால் எகிப்து எதிர்த்தது. வெளியே யாரும் கடன் தரவில்லை. 2011-ல் அடிக்கல் நாட்டி, மக்களிடமே கடன் பத்திரம் விற்றார்கள். அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கொடுத்தார்கள். விருப்பத்தோடா என்றால், பாதி விருப்பம், பாதி வேறு வழியில்லை. ஏறக்குறைய 500 கோடி டாலர் செலவு, 5,150 மெகாவாட். 2025 செப்டம்பரில் முறையாகத் திறந்தார்கள். நான் பார்த்த எத்தியோப்பியர்களில் அரசைத் திட்டாதவர் குறைவு, அணையைத் திட்டியவர் ஒருவர்கூட இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பிர். பிரை அரசு எப்படியாவது உள்ளூரில் கறந்துவிடும்; போதாவிட்டால் அச்சடிக்கும். ஆனால் டர்பைன், ரயில் இன்ஜின், எஃகு, லாரி, டீசல், உரம் இவற்றை யாரும் பிருக்கு விற்பதில்லை. நான் அங்கே இருந்த ஆண்டுகளில் நாட்டின் இறக்குமதி ஆண்டுக்கு 1,500 கோடி டாலரை ஒட்டி இருந்தது. ஏற்றுமதியோ 300 கோடி டாலர். அந்த 300, 2012 முதல் 2019 வரை கிட்டத்தட்ட அசையவே இல்லை. பொருளாதாரம் அதற்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. இடைவெளியை வெளிநாடுவாழ் எத்தியோப்பியர்கள் அனுப்பிய பணம், உதவித் தொகை, எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் வருமானம், கடன் என்று நிரப்பினார்கள். (ஏர்லைன்ஸ் தனிக் கதை. அரசு நிறுவனம் என்றாலே உருப்படாது என்பவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய விமான நிறுவனம். மெலஸ் அரசு அதன் அன்றாட நிர்வாகத்தில் கை வைக்காமல் விட்டது, அதுதான் ரகசியம்.)

ஏற்றுமதி ஏன் அசையவில்லை? ஏற்றுமதியாளன்தான் ராஜா என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். மலிவு நிலம், வரி விலக்கு, சலுகைக் கடன் எல்லாம் கொடுத்தார்கள். ரோஜாவில் அது பலித்தது. 2000 வாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத துறை இன்று ஆப்பிரிக்காவில் கென்யாவுக்கு அடுத்த இடத்தில். ஆனால் ஒரு கையால் கொடுத்ததை நாணய விலையில் இன்னொரு கை பிடுங்கிக்கொண்டது. டாலர் விலையை அரசு பிடித்து வைத்திருந்தது. 2010-ல் ஒரு முறை பிரின் மதிப்பைக் குறைத்தார்கள், 2017-ல் ஒரு முறை 15 சதவீதம். நடுவில் ஏழு வருஷம் சிறுகச் சிறுகத்தான் நகரவிட்டார்கள். உள்ளூரில் விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. கூலி, போக்குவரத்து, கொள்முதல் விலை எல்லாம் ஏற, டாலருக்குக் கிடைக்கும் பிர் மட்டும் அதற்கு ஈடாக ஏறவில்லை.

ஏன் பிடித்து வைத்தார்கள்? டாலர் மலிவாக இருந்தால் அரசின் இறக்குமதிச் செலவு பிர் கணக்கில் குறைவாகத் தெரியும். அணைக்கு இவ்வளவு, ரயிலுக்கு இவ்வளவு என்று போட்ட பட்ஜெட் தாங்கும். ஆனால் மலிவாக விற்கிற சாமானுக்கு வரிசை நிற்கத்தானே செய்யும். டாலருக்கும் நின்றது. மருந்து இறக்குமதி செய்பவர் எல்.சி. (வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க ஒரு வருஷம்கூடக் காத்திருந்தார். சம்பளத்தை டாலராக்கி ஊருக்கு அனுப்ப நானும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு நடப்பேன். 2015-ல் ஒரு தடவை இரண்டரை மாதம் ஆயிற்று. வரிசை இருந்தால் பின்வாசல் இருக்கும். 2018-ல் வங்கியில் டாலர் 27 பிர், வெளியே 35 பக்கம். 2024-ல் வங்கியில் 57, வெளியே அதைப்போல் இரண்டு மடங்கு.

இதில் காபிக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். காபி பிறந்த மண் அது, முதல் ஏற்றுமதிப் பொருளும் அதுதான். ஓர் ஏற்றுமதியாளர் உள்ளூர்ச் சந்தையில் 1,10,000 பிர் கொடுத்து ஒரு லோடு வாங்குகிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் 4,000 டாலருக்கு விற்கிறார். வங்கி விலை 27 என்றால் கைக்கு வருவது 1,08,000. நஷ்டம் 2,000. ஆனாலும் விற்பார், அடுத்த மாதமும் விற்பார். ஏனென்றால் ஏற்றுமதி செய்தவருக்குத் தன் டாலரில் ஒரு பங்கைப் பயன்படுத்தும் உரிமை உண்டு, வரிசையிலும் முன்னிடம் உண்டு. அந்த டாலரில் கார் உதிரிபாகமோ டயரோ இறக்கினால் வெளியே டாலர் 35 என்ற கணக்கில்தான் விலை வைப்பார். காபியில் விட்டதை டயரில் நாலு மடங்காக எடுத்துவிடுவார். விளைவு? காபி அவருக்கு வியாபாரம் இல்லை, டாலர் பிடிக்கும் தூண்டில். தரம், பெயர், வெளிநாட்டு வாடிக்கையாளர் எதிலும் அக்கறை இல்லை. டயர் தொழில் தெரியாத காபி ஏற்றுமதியாளன், காபி தெரியாத டயர் வியாபாரி என்று இரண்டு பேரும் ஒரே ஆள். காபியை மட்டும் நம்பி நேர்மையாகத் தொழில் செய்தவர் இவர்களோடு போட்டி போட முடியாமல் ஒதுங்கினார். எந்தச் சட்டமும் இதைச் செய் என்று சொல்லவில்லை. ஒரு விலையைத் தப்பாக வைத்ததன் பலன்.

டாலர் சம்பாதிக்கும் என்று நம்பிப் போட்ட பெரிய திட்டங்களும் கைவிட்டன. சர்க்கரை உதாரணம். 2015-க்குள் ஆண்டுக்கு இருபது லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்வோம் என்றார்கள். இந்திய அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியே 64 கோடி டாலர் கடன் கொடுத்தது. புதிய ஆலைகள் பலவற்றைக் கட்டும் வேலை ராணுவத்தின் கையில் இருந்த மெடெக் என்ற பொறியியல் நிறுவனத்துக்குப் போனது. கரும்பு நட்டார்கள், முற்றியது, ஆலை எழும்பவில்லை, சில இடங்களில் கரும்பு வயலிலேயே வீணானது. மெடெக்கின் உயரதிகாரிகள் 2018-ல் ஊழல் வழக்கில் கைதானார்கள். நாடு இன்றும் சர்க்கரை இறக்குமதி செய்கிறது. 2014 டிசம்பரில் 6.625 சதவீத வட்டிக்கு 100 கோடி டாலர் யூரோபாண்ட் (வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு டாலரில் விற்கும் கடன் பத்திரம்) விற்றார்களே, நீங்கள் சொன்ன வட்டி அதனுடையதுதான், அந்தப் பணம் போவதாகச் சொன்ன மூன்று இடங்களில் சர்க்கரையும் ஒன்று. மின்சாரமும் தொழிற்பூங்காவும் மற்ற இரண்டு.

ரயிலில் நான் அவ்வளவு கடுமையாக இருக்க மாட்டேன். 1993-ல் எரித்திரியா பிரிந்ததிலிருந்து எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லை. 1998-ல் போர் மூண்ட பிறகு அசாப் துறைமுகமும் போயிற்று. வணிகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஜிபூட்டி வழியாகத்தான். அந்த ஊருக்கு ரயில் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? 750 கிலோமீட்டர், ஏறக்குறைய 400 கோடி டாலர், பெரும்பகுதி சீன எக்சிம் வங்கிக் கடன், 2016-ல் திறப்பு. கோளாறு கடனின் வயதில். ரயில் பிரில் சம்பாதிக்கிறது, நிதானமாகச் சம்பாதிக்கிறது. கடனை டாலரில் பத்துச் சொச்சம் வருஷத்தில் அடைக்க வேண்டும். 2018-ல் புதிய பிரதமர் அபிய் அகமது பெய்ஜிங் போய் அதை முப்பது வருஷமாக நீட்டி வாங்கினார். அது அப்போதே அடித்த எச்சரிக்கை மணி.

ஹவாசா தொழிற்பூங்காவைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏரிக்கரை ஊர். ஒன்பது மாதத்தில் சீன நிறுவனம் கட்டி முடித்தது. 2016 ஜூலையில் திறந்தார்கள். கால்வின் க்ளைன், டாமி ஹில்ஃபிகர் சட்டைகளை விற்கும் பி.வி.எச். நிறுவனம் வந்தது, பின்னாலேயே அர்விந்த், ரேமண்ட் எல்லாம் வந்தன. தையல் வேலைக்கு வந்த பெண்களின் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர். உலக ஆயத்த ஆடைத் தொழிலிலேயே மிகக் குறைவு. தனியார் துறைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே இல்லை. ஊரில் ஓர் அறை வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். நாலு பெண்கள் சேர்ந்து ஓர் அறையில் இருப்பார்கள், ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். முதலாளிகள் “இவர்களுக்கு வேலைப் பண்பாடு இல்லை” என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். 26 டாலருக்கு எந்தப் பண்பாட்டை எதிர்பார்க்கிறீர்கள்? துணி, நூல், பட்டன் எல்லாம் இறக்குமதி, தைத்தது மட்டும் இங்கே. ஆக ஒரு சட்டையில் நாட்டுக்குத் தங்கிய டாலர் கூலியளவுதான்.

அரசியல் அதற்குமுன்பே புகையத் தொடங்கியிருந்தது. நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தம். தலைநகரைச் சுற்றியுள்ள ஒரோமியா மாநில நிலங்களையும் இணைத்து நகரத் திட்டம் போட்டபோது 2014-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2015 நவம்பரிலிருந்து அது ஒரோமியா முழுவதும் பரவியது. உழவனுக்குக் கொடுத்த இழப்பீட்டைப்போல் பல மடங்குக்கு அந்த நிலம் கைமாறியதை எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வளாகத்திலும் வகுப்புகள் நின்றன. 2016 அக்டோபரில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நான் அந்தப் பருவத்தோடு கிளம்பிவிட்டேன். 2018 ஏப்ரலில் அபிய் பிரதமரானார். அப்போது கையிருப்பு டாலர் இரண்டு மாத இறக்குமதிக்குக்கூடக் காணாது என்ற நிலை. அப்புறம் 2020 நவம்பரில் வடக்கே திக்ரே மாநிலத்தில் உள்நாட்டுப் போர். இரண்டு வருஷம். எத்தனை உயிர் என்பதே இன்னும் சண்டைக்குரிய எண். பொருளாதாரக் கணக்கில் மட்டும் பார்த்தால்: ஐரோப்பிய நிதி நின்றது, 2022 ஜனவரியிலிருந்து அமெரிக்கா தன் வரியில்லா இறக்குமதிச் சலுகையை எடுத்துவிட்டது, அதற்குச் சில வாரம் முன்பே பி.வி.எச். ஹவாசாவிலிருந்து வெளியேறியது.

இப்போது அந்த 3.3 கோடி டாலர். “கட்ட முடியவில்லை” என்பது முழு உண்மை அல்ல. எத்தியோப்பியா 2021 தொடக்கத்திலேயே ஜி-20 நாடுகளின் கடன் சீரமைப்பு முறைக்கு விண்ணப்பித்திருந்தது. போரால் அது இழுத்துக்கொண்டே போனது. 2023 நவம்பரில் சீனா உள்ளிட்ட அரசுக் கடன்காரர்கள் தற்காலிகமாகத் தவணையை நிறுத்திவைக்க ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கட்டாமல் பத்திரக்காரர்களுக்கு மட்டும் கட்டினால் சீனா சும்மா இருக்குமா? எல்லோரையும் சமமாக நடத்தவே கட்டவில்லை என்றார் நிதியமைச்சர். பெட்டியில் 3.3 கோடி இருந்திருக்கும். 2024 டிசம்பரில் அசலாகத் திருப்ப வேண்டிய 100 கோடி இருந்திருக்காது.

2024 ஜூலை 29. மத்திய வங்கி டாலர் விலையை வங்கிகளிடமே விட்டது. அதே நாள் ஐ.எம்.எஃப். நாலு வருஷத்துக்கு 340 கோடி டாலர் ஒப்புதல் கொடுத்தது. 57 பிராக இருந்த டாலர் ஒரு வாரத்துக்குள் நூறை நெருங்கி, ஆண்டு முடிவில் 125 பக்கம் வந்தது. சரியா என்றால், சரிதான், பத்து வருஷம் பிந்தி. 2012 வாக்கில், வளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, பிரின் மதிப்பை வருஷத்துக்குக் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்திருந்தால் ரோஜாவோடு இன்னும் நாலு துறை எழும்பியிருக்கும், காபி தூண்டிலாகியிருக்காது. போர் முடிந்து, வடக்கு உடைந்து கிடக்கையில், கடன்காரர் கழுத்தில் கை வைத்த பிறகு ஒரே நாளில் செய்ய வேண்டியதாயிற்று.

விலைவாசி பலர் பயந்த அளவுக்கு வெடிக்கவில்லை. 2022-ல் சராசரியாக 34 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2025-ல் 15-க்கும் கீழே இறங்கியது. கடைக்காரர்கள் டயருக்கும் துணிக்கும் எப்போதோ வெளிச்சந்தை டாலரில்தான் விலை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதால் அந்தச் சாமான்களுக்கு அதிர்ச்சி இல்லை. அரசு விலையில் வந்த உரம், பெட்ரோல், மருந்து, சமையல் எண்ணெய் இவற்றில்தான் அடி விழுந்தது. அதைவிட அடி, மாதச் சம்பளக்காரனுக்கு. குலுக்கல் நாளில் வானொலி கேட்ட என் நண்பருடன் போன வருஷம் பேசினேன். இப்போது வங்கியில் டாலர் கேட்டால் கிடைக்கிறதா என்றேன். “கொடுக்கிறார்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை” என்றார்.

பழைய கடன்களின் மிச்சமும் அரசின் தலையில்தான். அணைக்கும் மின் நிறுவனத்துக்கும் சர்க்கரைக்கும் அரசு வங்கி கொடுத்த பிர் கடன்கள் திரும்பவில்லை. எண்ணூறு பில்லியன் பிருக்கும் மேல் அரசுப் பத்திரமாக மாற்றி அந்த வங்கியைக் காப்பாற்றினார்கள். 2024 டிசம்பரில் வெளிநாட்டு வங்கிகளுக்கும் கதவு திறந்தது. மெலஸ் உயிரோடு இருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பற்றாக்குறையே புத்தி கொடுத்தது. 2024 ஜனவரியில் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியை அடியோடு தடை செய்தார்கள். உலகிலேயே முதல் நாடு. சுற்றுச்சூழல் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். எரிபொருளுக்கு டாலர் வேண்டும், அணை மின்சாரத்துக்கு வேண்டாம், அவ்வளவுதான் கணக்கு. மிச்ச மின்சாரத்தைக் கென்யாவுக்கும் ஜிபூட்டிக்கும் பிட்காயின் சுரங்கக்காரர்களுக்கும் டாலருக்கு விற்கிறார்கள். நாட்டில் பாதிப் பேர் வீட்டில் இன்னும் கம்பி மின்சாரம் எட்டாதபோது கணினிகளுக்கு விற்பது நியாயமா என்று அங்கேயே சண்டை நடக்கிறது. எனக்கு அதில் இரண்டு மனசு.

டாலர் விலையைச் சந்தையிடம் விட்ட அந்த நிதியாண்டில் ஏற்றுமதி 800 கோடி டாலரைத் தாண்டியது, முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்கு. கொண்டாடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். பெரும்பகுதி தங்கமும் காபியும். இரண்டுக்கும் அந்த வருஷம் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தது. தங்கத்தில் கணிசமானது புதிதாகத் தோண்டியது அல்ல. முன்பு எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகப் போனது, வங்கி விலை சரியானதும் நேர்வழிக்கு வந்திருக்கிறது. அதுவும் லாபமே. ஆனால் ஹவாசாவில் தைக்கிற ஆள் எண்ணிக்கை அந்த 800 கோடிக்குள் தெரியாது. அடுத்த ஆண்டுக் கணக்கு வரும்போது மொத்தத்தை விட்டுவிட்டு, தங்கத்தையும் காபியையும் கழித்துவிட்டு மீதி எவ்வளவு என்று பாருங்கள். நான் அந்த வரியைத்தான் பார்க்கிறேன்.